பிப்ரவரி முப்பது

அந்தப் பட்டியலில் பிப்ரவரி 30 என்று ஒரு நாள் இருக்கிறது. விடுதி அறைத்தோழியிடம் காட்டினேன். "அச்சுப்பிழை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். பிழை இல்லை. ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் பின்னிணைப்பில் அந்த நாள் இருக்கிறது. அன்றுதான் அரகோர்னும் இரண்டு தோழர்களும் ரோஹான் நாட்டுப் புல்வெளியில் எயோமரின் குதிரைப்படையைச் சந்திக்கிறார்கள். அதே நாளில் தூரத்துக் காடு ஒன்றில், மரங்களை மேய்க்கும் எண்டுகள் கூடிப் பேசத் தொடங்குகின்றன.

நம்மில் பலர் இந்தக் கதையைப் படமாகப் பார்த்திருப்போம். சிலர் நாவலாகவும் படித்திருக்கலாம். பின்னிணைப்பின் நாள்காட்டிப் பகுதிவரை போனவர்கள் நம் பேரவையில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டார்கள். எனக்கு இதுதான் தெரியும். ஆகவே இதையே எழுதுகிறேன்.

ஷயர் என்பது ஹாபிட்டுகள் என்னும் சிறிய உருவத்தினர் வாழும் நாடு. அவர்களுடைய ஆண்டுக்கு 12 மாதங்கள். எல்லா மாதத்துக்கும் 30 நாட்கள்தாம். பிப்ரவரிக்கு மட்டும் ஓரவஞ்சனை கிடையாது. ஆக 360 நாட்கள். மிச்சமுள்ள 5 நாட்கள் எந்த மாதத்திலும் சேராமல் தனியே நிற்கின்றன. ஆண்டின் முதல் நாளும் கடைசி நாளும் யூல் எனப்படும். ஆறாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் இடையே லித் என்னும் கோடைத் திருநாள் மூன்று நாட்கள் வரும். அந்த மூன்றில் நடுவில் இருக்கும் நாளுக்கு, அதாவது ஆண்டின் நட்டநடு நாளுக்கு, கிழமையே கிடையாது.

கிழமை இல்லாத நாள்! இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 365இல் அந்த ஒரு நாளைக் கழித்தால் 364. அதை 7ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 52. நெட்டாண்டில் கூடுதலாக வரும் நாளுக்கும் அவர்கள் கிழமை கொடுப்பதில்லை. ஆகவே எல்லா ஆண்டும் ஒரே கிழமையில் பிறக்கும், ஒரே கிழமையில் முடியும். ஒருவருடைய பிறந்தநாள் புதன்கிழமை என்றால் சாகும்வரை புதன்கிழமைதான். ஒரு நாள்காட்டி வாங்கினால் ஆயுளுக்கும் போதும்.

இன்னொன்றும் உண்டு. ஆண்டின் முதல் நாளான யூல் சனிக்கிழமை. எனவே முதல் மாதத்தின் முதல் தேதி ஞாயிறு. மாதத்துக்கு 30 நாள் என்பதால் அடுத்த மாதம் இரண்டு கிழமை தள்ளிச் செவ்வாயில் தொடங்கும். பிறகு வியாழன், சனி, திங்கள், புதன். ஆறு மாதம் ஆயிற்று. இனி வெள்ளிதான் வரவேண்டும். ஆனால் அந்த வெள்ளியைத் திருநாளின் முதல் நாள் எடுத்துக்கொள்கிறது. நடு நாளுக்குக் கிழமை இல்லை. மூன்றாம் நாள் சனி. ஏழாம் மாதம் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கிவிடுகிறது. பின்பாதியிலும் இதே கதைதான். இந்த முறை வெள்ளியை ஆண்டின் கடைசி நாள் எடுத்துக்கொள்ளும். ஆக, ஷயரில் எந்த மாதமும் வெள்ளிக்கிழமையில் பிறப்பதே இல்லை. அதனால் அந்த ஊர் மக்கள், நடக்கவே நடக்காத ஒன்றைச் சொல்ல "முதல் தேதி வெள்ளிக்கிழமை அன்று" என்று கேலியாகச் சொல்வார்களாம். நாம் சூரியன் மேற்கே உதித்தால் என்று சொல்வதைப் போல. ஒரு நாள்காட்டியின் கணக்கிலிருந்து ஒரு மக்களின் சொலவடை பிறக்கிறது. டோல்கீன் மொழியறிஞர் என்பதை இந்த ஓர் இடமே எனக்குக் காட்டிக் கொடுத்தது.

நான் இந்தப் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்துதான் படித்தேன். காரணம் எளிது. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. மலாய் எப்படியோ வந்துவிட்டது. ஆங்கிலம்தான் நெடுநாள் மிரட்டிக்கொண்டிருந்தது. 2018இல், மூன்றாம் படிவத்தில், ஜொகூர் பாருவில் பழைய புத்தகக் கடை ஒன்றில் மூன்று பாகங்களும் சேர்ந்த தடித்த பதிப்பு கிடைத்தது. முதல் அத்தியாயத்தின் வாக்கியங்கள் எனக்கு நீளமாக இருந்தன. பின்னால் புரட்டினால் ஆண்டு வாரியாக ஒரு பட்டியல்: 3001, செப்டம்பர் 22, பில்போவின் விருந்து. 3018, செப்டம்பர் 23, ஃப்ரோடோ வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். 3019, மார்ச் 25, மோதிரம் அழிகிறது. எண்களைப் படிக்க எனக்கு அகராதி தேவைப்படவில்லை. முதலில் எந்த நாளில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டேன். பிறகு, அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வதற்காகவே ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டினேன். என் ஆங்கிலம் வளர்ந்தது நாள்காட்டியின் வழியாகத்தான்.

நாள்காட்டி எனக்குப் புதியதும் அல்ல. எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒன்று தொங்கும். ஒரே கட்டத்துக்குள் ஆங்கிலத் தேதி, சீனத் தேதி, இஸ்லாமியத் தேதி, தமிழ்த் தேதி, திதி எல்லாம் இருக்கும். அதன்மேல் சிவப்புப் பேனாவால் நான் போட்ட வட்டங்கள் இருக்கும். அவை அப்பாவின் வாரம்.

அப்பா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. அதாவது அவருடைய வாரத்துக்கு ஆறு நாட்கள். எங்கள் வாரத்துக்கோ ஏழு. போதாக்குறைக்கு, நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, 2014 ஜனவரி 1 முதல், ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியது. (2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது.) அப்பா எந்த வெள்ளிக்கிழமை வீட்டில் இருப்பார் என்று தெரிந்துகொள்ள வேண்டியது என் பாடு. ஆறையும் ஏழையும் பெருக்கினால் 42. 42 நாளைக்கு ஒரு முறை எல்லாம் பழையபடி திரும்பி வரும். அந்த 42 நாளில் ஆறு வெள்ளிக்கிழமைகள். இரண்டு வெள்ளிக்கிழமைகள் அடுத்தடுத்து அப்பா வீட்டில் இருப்பார். பிறகு தொடர்ந்து நான்கு வெள்ளிக்கிழமைகள் இருக்கமாட்டார். பதினொரு வயதில் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா நாள்காட்டியைப் பார்க்காமலே, "இது எனக்குக் கல்யாணமானதிலிருந்தே தெரியும்" என்றார்.

அதனால்தான் பின்னிணைப்பில் எல்ஃபுகளின் வாரத்துக்கு ஆறு நாட்கள் என்று படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, சிரிப்புதான் வந்தது. விண்மீன்கள், சூரியன், நிலவு, இரு மரங்கள், வானம், தேவர்கள் என்று ஆறு பேருக்கு ஆறு நாட்கள். பிற்காலத்தில் நூமெனோர் தீவின் மனிதர்கள் அந்த வாரத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கடலோடிகள். ஆகவே கடலுக்கு ஒரு நாள் சேர்த்து ஏழாக்கினார்கள். ஹாபிட்டுகளுக்கு வந்து சேர்ந்தது அந்த ஏழு நாள் வாரம்தான். வாரத்தின் கடைசி நாளே அவர்களுக்குப் பெரிய நாள். மதியத்துக்கு மேல் வேலை இல்லை, இரவில் விருந்து. டோல்கீன் அதை ஆங்கில வாசகனுக்காக வெள்ளிக்கிழமை என்று எழுதிவிட்டு, பின்னிணைப்பில் ஓர் எச்சரிக்கையும் தருகிறார். ஷயரின் வெள்ளியை நம் வெள்ளி என்று நினைக்கக்கூடாது, அங்கே வியாழன்தான் நம் சனிக்கிழமை மாதிரி, சனிதான் நம் திங்கட்கிழமை மாதிரி என்கிறார். இங்கிலாந்தில் இருந்த வாசகர் இதை இரண்டு முறை படித்திருப்பார். ஜொகூர்ப் பிள்ளைக்கு ஒருமுறை போதும்.

எல்ஃபுகளின் நாள் சூரிய மறைவில் தொடங்கும் என்பதும் அப்படித்தான். என் மலாய்த் தோழிகள் 'மாலாம் ஜுமாஅட்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் வெள்ளி இரவு. ஆனால் அது வருவது நாம் வியாழன் என்று சொல்லும் நாளின் இரவில். மாலை மங்கியதும் அவர்களுக்கு வெள்ளி பிறந்துவிடுகிறது. பஞ்சாங்கம் பார்க்கும் நம் பாட்டிக்கோ சூரியன் உதித்தால்தான் நாள். ஒரே வகுப்பறையில் மூன்று விதமாக நாள் பிறப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எல்ஃபுகளுக்கு ஆண்டுக்கு ஆறு பருவங்கள் என்பதைப் படித்தபோது நம் ஆறு பெரும்பொழுதுகள் நினைவுக்கு வந்தன. நம்முடையவை ஆறும் சமம், இரண்டிரண்டு மாதங்கள். அவர்களுடையவை சமமில்லை. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் 72 நாட்கள், மற்ற நான்குக்கும் 54 நாட்கள். கூட்டினால் 360. எஞ்சிய ஐந்து நாட்கள் அங்கேயும் தனியே நிற்கின்றன. இந்த மனிதர் கூட்டிப் பார்க்காமல் எதையும் எழுதியதில்லை.

பேரவையின் மூத்த அண்ணன் ஒருவரிடம் ஒருநாள் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கற்பனைக் கதைதானே தங்கச்சி, அங்க போய் யாரு நாள் பார்க்கப் போறா?" என்றார். நல்ல கேள்வி. சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நிலவைக் காட்டித்தான் அவருக்குப் பதில் சொன்னேன்.

வழிகாட்டியான கேண்டால்ஃபை இழந்த எட்டுப் பேர் லோத்லோரியன் என்னும் எல்ஃபுகளின் வனத்துக்குள் நுழைகிறார்கள். முதல் இரவு, ஜனவரி 15, மரத்தின்மேல் கட்டிய பரணில் படுக்கிறார்கள். அப்போது தேய்பிறை. பௌர்ணமி கழிந்து ஒரு வாரம். வனத்தில் தங்கி ஓய்வெடுத்த பிறகு படகேறி ஆற்றோடு போகிறார்கள். படகுப் பயணத்தின் ஏழாம் நாள் மாலை மேற்கே ஒரு மெல்லிய பிறை தெரிகிறது. சாம் தோட்டக்காரன், பெரிய படிப்பாளி இல்லை. ஆனால் அவனுக்கு நிலவு தெரியும். பரணில் படுத்தபோது அமாவாசைக்கு ஒரு வாரம் இருந்தது, படகில் ஒரு வாரம் போயிற்று, இதோ பிறை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் வனத்துக்குள் இருந்த நாட்கள் எங்கே? அங்கே ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை என்றல்லவா நிலவு சொல்கிறது?

விடை, ஒரு முழு நிலவு மாதம் உள்ளே கழிந்துவிட்டது என்பதுதான். வளர்ந்து தேய்ந்து மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிட்டதால் வேறுபாடு தெரியவில்லை. நீங்களே கூட்டிப் பாருங்கள். ஜனவரி 8 பௌர்ணமி. ஒரு நிலவு மாதத்துக்கு ஏறத்தாழ 29.5 நாட்கள். ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் 30 நாட்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அடுத்த பௌர்ணமி பிப்ரவரி 7ஐ ஒட்டி. அதற்கடுத்தது மார்ச் 7. இடையில் அமாவாசை பிப்ரவரி 21, 22ஐ ஒட்டி. குழு வனத்தைவிட்டுப் படகேறியது பிப்ரவரி 16. ஏழாம் நாள் 22. பிறை வரவேண்டிய மாலையில் வந்திருக்கிறது.

இந்த நிலவு எங்கிருந்து வந்தது தெரியுமா? டோல்கீன் 1941, 1942ஆம் ஆண்டுகளின் உண்மையான நிலவு நாட்களை எடுத்து, ஆறு நாட்கள் தள்ளிவைத்துக்கொண்டார். 1942இல் ஜனவரி 2 பௌர்ணமி. கதையில் ஜனவரி 8. இங்கிலாந்தின் மேல் காய்ந்த போர்க்கால நிலவுதான் ஃப்ரோடோவின் மேலும் காய்ந்தது. அப்படியும் அது சுலபமாக இருக்கவில்லை. கதை பாதியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் ஃப்ரோடோவும் சாமும், இன்னொரு பக்கம் மற்றவர்கள். ஒரு பாதியை முழுவதும் எழுதிவிட்டு அடுத்த பாதிக்கு வருகிறார் ஆசிரியர். 1944 மே 14 அன்று மகன் கிறிஸ்டோபருக்கு எழுதிய கடிதத்தில், நிலவு தம்மைப் படுத்துகிறது என்கிறார். ஓர் இடத்தில் உதிக்கும் நேரத்திலேயே இன்னோர் இடத்தில் மறைந்துகொண்டிருக்கிறதாம். பழைய அத்தியாயங்களை எடுத்துத் திருத்தியதில் ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்றாம். கிறிஸ்டோபர் அப்போது விமானப்படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் இருந்தார். எழுதி முடித்த அத்தியாயங்களை அப்பா அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது, மகன் வேறு கண்டத்தில் இருக்கிறான், அப்பா இங்கே உட்கார்ந்து கற்பனை நிலவைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். வீண்வேலை என்று சிலருக்குத் தோன்றலாம்.

அவர் சரிசெய்துவைத்ததால்தான் ஓர் இடம் எனக்குக் கிடைத்தது. மார்ச் 7ஆம் நாள் இரவு. கேண்டால்ஃபின் குதிரையில் பிப்பின் கோண்டோர் நாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான். மலைகளின்மேல் எச்சரிக்கைத் தீ எரிகிறது. முழு நிலவு. ஃப்ரோடோ எங்கே இருக்கிறானோ, உயிரோடு இருக்கிறானோ இல்லையோ என்று பிப்பின் நினைத்துக்கொள்கிறான். அதே இரவில், தூரத்தில், ஃப்ரோடோவும் அதே நிலவு மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவனுக்குத் தெரியாது. ஆசிரியர் அதை நமக்கு மட்டும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். சாம் பார்த்த பிறையிலிருந்து எண்ணினால் சரியாகப் பௌர்ணமிதான் வருகிறது. எண்ணாமல் எழுதியிருந்தால் இது வெறும் அழகான வாக்கியம். எண்ணி எழுதியதால் இது உண்மை.

நான் இதை எண்ணிப் பார்த்தது 2020ஆம் ஆண்டில். மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை என்று அறிவித்ததும், வேலையை விடமுடியாதவர்கள் அந்தப் பக்கமே தங்கிவிட வேண்டியதாயிற்று. மார்ச் 17 இரவு அப்பா இரண்டு பைகளோடு மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போனார். நண்பர் ஒருவரின் வாடகை அறையில் ஓர் ஓரத்தில் படுக்கை. இரண்டு வாரம் என்றுதான் பேச்சு. பிறகு சில மாதங்களில், விண்ணப்பித்தால் வந்து போகலாம் என்றார்கள். ஆனால் இரண்டு பக்கமும் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும், அந்தச் செலவும் விடுப்பும் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அவர் திரும்பி வந்தது 2021 டிசம்பர் 4. 627 நாட்கள். 21 பௌர்ணமிகள். இடையில் என் எஸ்.பி.எம். தேர்வும் தள்ளிப்போய், 2021 பிப்ரவரியில்தான் தொடங்கியது.

சமையலறை நாள்காட்டியில் சிவப்பு வட்டம் போடும் வேலை நின்றுபோயிற்று. ஆறு நாள் வாரத்துக்கு இனி என்ன பொருள்? சில நாட்கள் சும்மா இருந்தேன். பிறகு ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்து, ஃப்ரோடோ ஒரு பத்தியிலும் மற்றவர்கள் இன்னொரு பத்தியிலுமாக நாள்வாரியாக எழுத ஆரம்பித்தேன். நடுவில் நிலவுக்கு ஒரு பத்தி. ஜனவரி 15இல் தொடங்கி மார்ச் 25 வரை. எப்போது யார் எங்கே இருந்தார்கள் என்று தெரிந்துகொள்வது அந்த மாதங்களில் எனக்குத் தேவையாக இருந்தது. வேறு விதமாக அதைச் சொல்லத் தெரியவில்லை.

மே 7 விசாக தினம். நமக்குச் சித்ரா பௌர்ணமி. இரு பக்கமும் பொது விடுமுறை. ஆனால் அப்பாவுக்கு அன்று இரவு வேலை. இடைவேளையில் அழைத்தார். சாப்பிட்டாயா, படித்தாயா எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "அங்க நிலா தெரியுதா பாப்பா?" என்றார். எங்கள் பக்கம் மேகம். தெரியவில்லை என்றேன். "இங்க நல்லா தெரியுது" என்றார். எங்கள் இருவருக்கும் இடையே இருந்தது ஒரு கிலோமீட்டர் பாலமும் கொஞ்சம் சாலையும்தான். அப்பாவுக்கு டோல்கீன் யாரென்று தெரியாது. நானும் அன்று பிப்பினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேச்சை முடித்துவிட்டுப் புத்தகத்தில் மார்ச் 7க்கு நேரே நிலவுப் பத்தியில் ஒரு வட்டம் போட்டேன்.

அண்ணனுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. சாமின் பிறையோடு நிறுத்திக்கொண்டேன். "சரிதான், ஆனா எல்லாக் கதைக்கும் இது தேவையா?" என்று கேட்டார். தேவையில்லை என்பதுதான் என் கருத்து. டோல்கீனே அதற்குச் சான்று. 1937இல் அவர் வெளியிட்ட 'தி ஹாபிட்' குழந்தைகளுக்கான கதை. அதில் நிலவு கதைக்கு வேண்டியபடி வரும், போகும். எழுதப்பட்ட பருவமும் பிறையும் அதே மாதிரி மறுபடி அமைந்தால் மட்டுமே படிக்கக்கூடிய நிலவெழுத்து என்றொரு அருமையான கற்பனை அதில் உண்டு. 1960இல் அந்தக் கதையைப் பெரிய நாவலின் கணக்குக்குள் கொண்டுவர எண்ணி, தூரம், நாள், நிலவு எல்லாவற்றையும் திருத்தத் தொடங்கினார். சில அத்தியாயங்களோடு விட்டுவிட்டார். ஜான் ரேட்லிஃப் 2007இல் வெளியிட்ட 'தி ஹிஸ்டரி ஆஃப் த ஹாபிட்' நூலில் அந்த முயற்சி அச்சாகியிருக்கிறது. அவர் விட்டதே நல்லது என்று நினைக்கிறேன். அந்தக் கதையில் யாரும் யாரையும் பிரிந்து இரண்டு நாடுகளில் நின்றுகொண்டு ஒரே வானத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் பெரும்பாலும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். நாள் தவறினால் குடி முழுகிப்போகாது.

கடைசியாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளாக நானும் ஒரு கற்பனை நாட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே நாள்காட்டி வழிமறித்தது. நம் கிழமைகள் எல்லாம் கோள்கள். செவ்வாயும் வியாழனும் இல்லாத வானத்தின் கீழே ஒருத்தி "வியாழக்கிழமை வருகிறேன்" என்று எப்படிச் சொல்வாள்? நிலவைத் தொட்டால் இன்னும் சிக்கல். திங்கள் என்றால் நிலவு, திங்கள் என்றால் மாதம், திங்கள் என்றால் கிழமை. இரண்டு நிலவு வைக்கலாம் என்று ஆசைப்பட்டேன். அந்த ஒரு சொல்லே என்னைத் தடுத்துவிட்டது. ஒரு நிலவோடு நிறுத்திக்கொண்டேன்.

கிழமைகளுக்கு மட்டும் வழி கிடைத்தது. எங்கள் தாமானில் பாசார் மாலாம் செவ்வாய்தோறும். பக்கத்துத் தாமானில் வியாழன். அம்மா "செவ்வாய்க்கிழமை வாங்கிக்கலாம்" என்பதைவிட "நம்ம பாசார் அன்னிக்கு வாங்கிக்கலாம்" என்றுதான் அதிகம் சொல்வார். என் கதையில் ஆற்றோரமாக ஐந்து ஊர்கள். சந்தை ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் ஊரில். ஆகவே வாரத்துக்கு ஐந்து நாட்கள். ஒவ்வொரு நாளுக்கும் அந்த ஊரின் பெயர். மாதத்துக்கு 30 நாள் என்பதால் எந்தத் தேதி எந்த ஊரில் சந்தை என்று எல்லாருக்கும் மனப்பாடம். ஷயரைப்போல அங்கும் நாள்காட்டி தேவையில்லை.

நான்காம் அத்தியாயத்தில் ஆற்றின் அக்கரையில் ஆறாவது ஊர் ஒன்று குடியேறி, எங்களுக்கும் ஒரு நாள் வேண்டும் என்று கேட்கிறது. பழைய ஐந்து ஊர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கரைக்காரர்கள் காத்திருக்காமல் தாங்களாகவே ஆறு நாள் வாரம் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஒரே ஆறு, ஒரே நிலவு, இரண்டு வாரங்கள். 30 நாளைக்கு ஒரு முறை இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும். அந்த நாளில்தான் அக்கரைக்குக் கட்டிக்கொடுத்த மகள் தாய்வீட்டுக்கு வரவேண்டும். அவள் இக்கரைக் கணக்கில் எந்த ஊர் நாளில் புறப்பட்டாள் என்று இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.